சந்தனம் பூசிய கார்பன் தாள்

"சார், தொடாதீங்க!"

ரேகா பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்குவதற்குள் அருள்பிரகாசத்தின் கட்டைவிரல் வேலையை முடித்துவிட்டது. கறுப்புக் கார்பன் தாளின் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

திருவொற்றியூரில் ஒரு ஷெட்டைப் பிடித்து, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃப்யூயல் செல் செய்கிற முதலாளி அவர். புதிதாக எது கண்ணில் பட்டாலும் பொட்டு வைத்தாக வேண்டும். அங்கே பொறியாளராக இருக்கும் ரேகாவின் பிளாஸ்மா இயந்திரக் கண்ணாடிக்கே பட்டை அடித்தவர். உள்ளே வாயு ஊதா நிறத்தில் ஒளிர்வதை அன்றிலிருந்து அவள் கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் பார்க்கிறாள்.

"பொட்டு வெச்சா கெட்டாம்மா போயிடும்?"

"பிளாஸ்மா காட்டினதாலதான் அதுல பிளாட்டினம் பூச்சு சீரா ஒட்டியிருக்கு. அது மேலயே சந்தனத்தை அப்பிட்டீங்க. வாயு எப்படி சார் உள்ள போகும்?"

"ஊதா லைட்டு போட்டு கரண்ட் பில்லு ஏத்துறதுக்கு இவ்ளோ பேச்சா? மாட்டும்மா. பார்ட்டி வாசல்ல நிக்கிறாரு. இன்னிக்கு உன் ரூமுக்கு ஒரு முடிவு கட்டிடுறேன்."

இரண்டு வருட உழைப்பு அந்த பிளாஸ்மா அறை. பல்லைக் கடித்துக்கொண்டு தாளை செல்லுக்குள் மாட்டினாள்.

படகுக்கு செல் வாங்க வந்த பார்ட்டி, காசிமேட்டு விசைப்படகு முதலாளி ரகுபதி. அருள்பிரகாசம் சுவிட்சைத் தட்டினார். மேசை மேலிருந்த விளக்கு பளீரென்று எரிந்தது. மனிதர் தன் கையாலேயே மின்சாரத்தைப் பெற்றெடுத்தது போல நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தீங்களா! பொட்டு வெச்சா ஓடாதுன்னாங்க இந்தம்மா. பிளாஸ்மாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நாளைக்கே அந்த ரூமுக்குப் பூட்டு!"

ரகுபதி விளக்கைப் பார்க்கவில்லை. ரேகாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாரி கீது? இத்த நம்பி எட்டு பேரு நடுக்கடலுக்குப் போவணும். சாரு சொல்றது நெசந்தானா?"

"அவங்க சின்னப் பொண்ணு, அவங்களுக்கு இன்னா தெரியும்..." அருள்பிரகாசம் இழுத்தார்.

"நைனா, நீ செத்த சும்மா இரு. நீ சொல்லும்மா."

ரேகா கையுறையை நிதானமாகக் கழற்றினாள்.

"வெளக்கு எரியுறது நெசம்தாண்ணே. மேசைக்கு அடியில எந்த பேட்டரிய ஒளிச்சு வெச்சிருக்காருன்னு சாரையே கேளுங்க. நான் இன்னும் ஹைட்ரஜன் சிலிண்டரையே தொறக்கல."