ரேடியேட்டர் மூடிக்கு மட்டும் குரோம்

கிருத்திகாவின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, கானாடுகாத்தான் பெரிய வீட்டுக் கார் தரையை விட்டு எழும்பி, ஷெட்டின் ஓட்டுக் கூரையில் முதுகு முட்ட நின்றது. காரணம் குரோம் முலாம்தான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வாரம் காரைக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் விலை இறங்கியது, இங்கே கார் ஏறியது, அவ்வளவுதான்.

கார் 1924-இல் வாங்கியது. வீட்டைப் போலவே அதுவும் பங்காளிகள் மூவருக்கும் பொது. கோயம்புத்தூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் கிருத்திகா, சின்ன வயதிலேயே அதன் கிழிந்த சீட்டில் உட்கார்ந்து, தன் கல்யாணத்தன்று பிள்ளையார் கோயிலிலிருந்து இதில் வந்துதான் வீட்டு வாசலில் இறங்குவது என்று முடிவு செய்திருந்தாள். மாப்பிள்ளை அக்ஷய் என்பது பிறகுதான் முடிவானது. எஞ்சினை அவளே ஓட வைத்துவிட்டாள். மிச்சம் முலாம். ஹாரனைக் கழற்றி, அதைப் பிடித்திருந்த பட்டைக்கு அடியில், வெயிலும் துணியும் படாத இடத்தைத் துடைத்துப் பார்த்தாள். பால் பாயசம் போல லேசாக மஞ்சளோடிய வெள்ளை தெரிந்தது. நிக்கல். குரோம் என்றால் நீலம் பாயும், அதுவும் அந்தக் காலத்துக் கார்களுக்கு வந்திருக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் நிக்கல்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, லீவு முடிந்து கோயம்புத்தூருக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகுதான் தப்பு நடந்தது. பொதுச் சொத்து விஷயத்தில் ஒரு பங்காளிக்கு இன்னொரு பங்காளி இளைத்தவராகத் தெரியக்கூடாது. அவள் அப்பாவின் அண்ணன் பெரியப்பச்சி அழகுசுந்தரம் ஹெட்லைட் வளையங்களை மதுரைக்கு அனுப்பிக் குரோம் பூசினார். அதைப் பார்த்த சித்தப்பா பெத்தாச்சி, ரேடியேட்டர் கூட்டை அதைவிடப் பளபளப்பாக்கினார். மகள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்த, அவளைப் பெற்ற அப்பச்சி மீனாட்சிசுந்தரமும் மானம் தாங்காமல், கதவுப் பிடிகளோடு ரேடியேட்டர் மூடியையும் கண் கூசும்படி பூசிக்கொண்டு வந்தார். மூடியைத் திருகியதும் கார் கிளம்பி மேலே போய்விட்டது.

சேதி கேட்டு ஓடி வந்த கிருத்திகா அண்ணாந்து பார்த்தாள். அழுகை முட்டியது.

“என்ன பெரியப்பச்சி, இப்படிப் பண்ணிட்டீக?”

“கல்யாண வண்டி, கொஞ்சம் மின்னட்டுமேன்னு பாத்தோம்த்தா.”

“வாடகைக்கு ஒரு காரு சொல்லிரவா?” என்றார் சித்தப்பா.

“நான் இதுலதான் வருவேன். ஏணியக் கொண்டாங்க.”

குரோமுக்கு அடியில் எப்போதும் நிக்கல் ஒரு பூச்சு இருக்கும். மேல்பூச்சை மட்டும் கரைத்து மெருகு போட்டால் போதும். ஏணியில் நின்று அவள் ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, கார் சமர்த்தாக இறங்கிக்கொண்டே வந்தது. நிக்கலாகத் திரும்பி வந்தவற்றை மாட்டியபோது அது அசையவில்லை. கடைசியாக மூடி மட்டும் பாக்கி, கார் ஒரு சாண் உயரத்தில் நின்றது. கழற்றும் முன் சும்மா ஓட்டிப் பார்ப்போமே என்று ஏறி உட்கார்ந்தாள். சக்கரங்கள் காற்றையே பிடித்துக்கொண்டு சுற்றின. பள்ளத்தூர் சாலையின் பள்ளம் ஒன்றுகூட இடுப்பில் படவில்லை. வேகத்தடைகள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அவள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் திரும்பினாள்.

“மூடி ஒண்ணு தப்பா நிக்குதேத்தா, கழட்டலையா?” என்று கேட்டார் அப்பச்சி.

“அது இருக்கட்டும் அப்பச்சி. அம்புட்டும் சரியா இருந்தா கல்யாணம் மாதிரியே இருக்காது.”

முகூர்த்தத்தன்று கார் தூசி கிளப்பாமல் வாசலுக்கு வந்தது. ஆனால் பட்டுச் சேலையோடு இறங்க முடியாத உயரம். பெரியப்பச்சி ஓடிப் போய் ஒரு மணையைப் போட்டார். சித்தப்பா அதைவிட உயரமாக ஒன்று கொண்டுவந்தார். அப்பச்சி இரண்டையும் விட உயரமானதைக் காரை ஒட்டிப் போட்டார். மூன்றும் படிக்கட்டாக அமைந்துவிட்டன. கிருத்திகா ராணி மாதிரி இறங்கினாள்.

இப்போதெல்லாம் அந்த வீட்டுக் கல்யாணங்களில், கார் வருவதற்கு முன்பே மூன்று மணைகளும் வாசலுக்கு வந்துவிடுகின்றன.