தகர லைனைக் காட்டிய போன்

ஸ்கெலட்டன் என்கிற பழைய தங்கச் சுரங்கப் பகுதியில் தகர லைன் என்று ஒரு வரிசை வீடுகள் இருக்கின்றன. வெளியாட்களின் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் இந்தக் குறை கிடையாது. சுரங்கத்தை மூடிய பிறகும் பல வருடங்கள் தபால்காரர் வந்தார், தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் வந்தார்கள், துணி மூட்டையோடு தவணைக்காரர் வந்தார். எல்லோர் கையிலும் வரைபடம் உள்ள போன் வந்த பிறகுதான் லைன் மங்க ஆரம்பித்தது. அந்த வரைபடத்தில் கோரமண்டல் ஸ்டேஷன் இருந்தது, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடு இருந்தது, நடுவே தகர லைன் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. முதலில் சிலிண்டர் கொண்டுவருகிறவர், லைனில் குடியிருக்கிற பக்தவச்சலத்தின் வாசலுக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி, போன் செய்து, உங்கள் வீடு எங்கே என்று கேட்டார். பக்தவச்சலம் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். சிலிண்டர்காரருக்குத் தெரிந்ததெல்லாம் சீமைக்கருவேல முள்ளும் வெயிலும்தான். அடுத்து மீட்டர் பார்க்கிறவருக்கு லைன் தெரியாமல் போனது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை, சிரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காரிலிருந்து இறங்காமலே திரும்பிப் போனபோதுதான் சிரிப்பு அடங்கியது. ரோட்டுக்கு வந்து நின்றால் ஆள் தெரியும். வாசற்படி ஏறினால் வீட்டோடு சேர்ந்து ஆளும் மறைந்துவிடுவார். லைன்காரர்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள். சிலிண்டரை ரோட்டிலேயே வாங்கி உருட்டிக்கொண்டு போனார்கள்.

யசோதராவும் அப்படித்தான் உருட்டிக்கொண்டு போனாள், அவள் புருஷன் தம்மபாலன் மூச்சுக்குத் திணறிய மத்தியானம் வரைக்கும். தம்மபாலன் வாலிபத்தில் சுரங்க ஷாஃப்டில் இறங்கிக் கல்லில் துளை போட்டவர். அந்தத் தூசி இத்தனை வருடம் பொறுத்திருந்து இப்போது நெஞ்சை அடைத்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்துவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். யசோதரா ரோட்டுக்கு ஓடி டிரைவரின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை உதறினார்.

“இன்னாமா, முள்ளுக்குள்ள இட்னு போறே? வூடு எங்க?”

“இதோ வாசப்படி. கால வையுங்க, தெரியும்.”

“போன்ல இங்க வூடே காட்டலமா. ஒண்ணு அட்ரஸ் சரியா சொல்லு, இல்ல ஆள இங்க கொண்டா.”

அவள் உள்ளே ஓடினாள். ஒரு பெண்பிள்ளை முட்புதருக்குள் ஓடி மறைவதைப் பார்த்த டிரைவர், இது வேறு ஏதோ விவகாரம் என்று பயந்துவிட்டார். யசோதராவும் பக்கத்து வீட்டுத் தெரசாக்காவும் தம்மபாலனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ரோட்டில் புழுதி மட்டும் இருந்தது. கட்டிலை இறக்கி வைத்தார்கள். தம்மபாலன் புழுதி அடங்கும் வரை மூச்சுவிட்டார், பிறகு விடவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தாரா அன்று சாயங்கால ரயிலில் வந்தாள். ஊரை விட்டுப் போனதிலிருந்தே அவளுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. சுவர் தெரியும், ஜன்னல் தெரியாது என்கிற அளவில் இருந்தது. அன்றைக்குச் சுவரும் தெரியவில்லை. ரோட்டின் ஓரத்தில் பையோடு நின்றுகொண்டு, “ம்மா, எனக்குத் தெரியல,” என்றாள். உள்ளே குளிப்பாட்டி வைத்திருந்தவரை மறுபடியும் தூக்கிவந்து நடுரோட்டில் கிடத்தினார்கள். அவள் அப்பாவை அங்கேதான் பார்த்தாள். லாரிகள் ஹாரன் அடித்தன. பௌத்தர் வழக்கப்படி பஞ்சசீலமும் அங்கேயே சொல்லப்பட்டது.

யசோதரா பெங்களூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கிற வேலை பார்த்தாள். விடிவதற்குள் ரயிலேறிப் பொழுது சாய்ந்து திரும்புவாள். அந்தக் கட்டடத்தில் சனிக்கிழமைகளில் சில இளைஞர்கள் கூடி, கூலி வாங்காமல், யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வரைபடம் வரைந்தார்கள். ஏரி, பஸ் நிறுத்தம், சந்து என்று அவரவர் தெருவை அவரவர் போட்டார்கள். கடைகளும் ஆம்புலன்ஸ்களும் அதிலிருந்துதான் விலாசம் எடுத்துக்கொள்கின்றன என்று அவர்களில் கிரண் என்கிறவன் சொன்னான். எங்கள் லைனையும் போடுவீர்களா என்று அவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். கிரண் கணினியில் செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படத்தைத் திறந்தான். ஸ்டேஷன் இருந்தது, மண்மேடு இருந்தது, முள் இருந்தது.

“ஆன்ட்டி, இங்க ஏனு இல்ல, ஒண்ணுமே இல்ல. யாராவது அங்கயே நின்னு பாயின்ட் போடணும். நான் வந்தா எனக்குத் தெரியுமா?”

“தெரியாதுப்பா.”

“அப்போ நீங்கதான் போடணும்.”

அவன் அவளுடைய பழைய போனிலேயே அதற்கான ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று புள்ளி வைத்து, வீட்டுக்காரர் பெயரை அடித்து அனுப்பினாள். மறுநாளே லைன் தெரிந்தது, ஆனால் இருக்கிற இடத்தில் தெரியவில்லை. அந்தப் போனுக்கு வானத்துச் செயற்கைக்கோளைப் பிடிக்கிற சக்தி குறைவு. புள்ளி கோணல்மாணலாக விழுந்திருந்தது. தபால்காரர் நிஜமான வாசல்களைத் தாண்டிப்போய், முள்ளுக்கு நடுவில் அவருக்கு மட்டும் தெரிந்த கதவைத் தட்டிவிட்டு, கையெல்லாம் கீறலோடு திரும்பினார். பக்தவச்சலத்தின் புள்ளியும் தெரசாக்காவின் புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்துவிட்டதால், அந்த வாரம் முழுவதும் வெளியாட்களுக்கு பக்தவச்சலம் தெரசாக்காவின் அடுப்படியில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகவே தெரிந்தது. வெளியூரில் இருக்கும் தெரசாக்காவின் மருமகள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். யசோதரா எல்லாப் புள்ளிகளையும் அழித்தாள். லைன் மறுபடி மறைந்தது.

வீடு அகலம் பத்தடி, போன் தவறுவது அதைப் போல மூன்று நான்கு மடங்கு. அதுதான் சிக்கல் என்று கிரண் விளக்கினான். கேமரா எத்தனை என்று பார்க்க வேண்டாம், மெமரியைப் பார்க்க வேண்டாம், இரண்டு அலைவரிசையில் செயற்கைக்கோளைப் பிடிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், வெயிலில் திரை தெரிய வேண்டும், ஒரு பகல் முழுக்கச் சார்ஜ் நிற்க வேண்டும் என்றான். அப்படிப்பட்ட போன்கள் பெரும்பாலும் அவளுடைய சம்பளத்துக்கு எட்டாதவை. பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் லாய்ட் என்பவரின் போன் கடைக்கு அவள் ஞாயிறு தவறாமல் போனாள். லாய்ட் பொறுமைசாலி. கடை வாசலில் வெயிலில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் போனை வைத்துவிட்டு, இருவரும் டீ குடித்தபடி திரையைப் பார்ப்பார்கள். அசையாமல் கிடக்கிற போனின் புள்ளி அசையக்கூடாது என்பதுதான் சோதனை. நாலு கேமரா வைத்த போனின் புள்ளி ஸ்டூலை விட்டு எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வந்தது. பெரிய பேட்டரி வைத்த இன்னொன்று சாலையைக் கடந்து இறைச்சிக் கடைக்குள் நுழைந்து, அங்கேயே தங்கிவிட்டது. டப்பாவின் மேல் ஜிபிஎஸ் என்று எல்லாவற்றிலும் போட்டிருந்தது.

“ஏன்க்கா, இவ்ளோ பாக்குறியே, ரீல்ஸ் பாக்கவா வாங்குறே?”

“வூட்டக் காட்டணும் லாய்டு.”

“யாருக்கு?”

“எம் பொண்ணுக்கு.”

லாய்ட் எழுந்தார். உள்ளே போய், முதுகில் விரிசல் விட்ட ஒரு பழைய போனை எடுத்துவந்தார். பெமல் தொழிற்சாலை இன்ஜினீயர் ஒருவர் புதியது வாங்கும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதை ஸ்டூலில் வைத்தார்கள். டீ ஆறிப்போகும்வரை பார்த்தார்கள். புள்ளி ஸ்டூலின் மேலேயே இருந்தது. லாய்ட் ஸ்டூலை ஓரடி நகர்த்தினார். புள்ளியும் ஓரடி நகர்ந்தது. யசோதரா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் போன் வைத்த புள்ளிகள் அச்சாக வாசற்படிகளின் மேல் விழுந்தன. தபால்காரர் சரியான கதவைத் தட்டினார். சிலிண்டர் அடுப்படி வரை வந்தது. தெரசாக்காவின் மருமகள் வந்து பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடியும் சண்டை போட்டாள். தாரா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ரோட்டின் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அப்பாவின் சட்டை தொங்கிய ஆணியைத் தொட்டாள், புத்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள், சாப்பிடச் சொன்னபோது சாப்பிட்டாள். “இப்ப எல்லாம் தெரியுதும்மா,” என்றாள். கிளம்பும்போது மட்டும், ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு முந்தின மாதமே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை லைன் மறுபடி மறைந்தது. எங்கோ குளிர்தேசத்தில், கிரணைப் போலவே கூலி வாங்காமல் வரைபடத்தைச் சரிபார்க்கிற நல்ல மனிதர் ஒருவர் இருந்தார். மேலிருந்து எடுத்த படத்தோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். முள் இருக்கிற இடத்தில் யாரோ வீடு போட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொன்றாக அழித்துவிட்டார். கிரண் அவருக்கு எழுதினான். அவர் மரியாதையாகப் பதில் எழுதினார், படத்தில் ஒரு கூரையாவது தெரிந்தால் விட்டுவிடுவதாக. படம் எடுக்கிற செயற்கைக்கோளும் வெளியாள்தான் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று கிரணுக்குத் தெரியவில்லை. யசோதரா ஞாயிறன்று மறுபடி புள்ளி வைத்தாள். அவர் புதனன்று அழித்தார். மழைக்காலம் போனது, வெயில் போனது. லைன்காரர்கள் அதற்கேற்ப நடக்கக் கற்றுக்கொண்டார்கள்: பெண் பார்ப்பது, சிலிண்டர், டாக்டரை அழைப்பது எல்லாம் வாரத்தின் முற்பாதியில் வைத்துக்கொண்டார்கள், பிற்பாதியில் யாருக்கும் உடம்புக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார்கள். அப்படிப் பிற்பாதியில் உடம்புக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அந்த வருடம் போய்ச் சேர்ந்தார்கள். கிரண் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனான். கொஞ்ச நாள் பேசினான், பிறகு பேசவில்லை. தாராவுக்கு எல்லா ஞாயிறும் லீவு கிடைக்கவில்லை. போனின் பேட்டரி உப்பிக்கொண்டு வந்தது. லாய்ட் அதற்கு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். அந்த மாடல் இப்போது வருவதில்லை, அந்த விலையில் வருகிற எதுவும் ஸ்டூலில் நிற்பதில்லை என்றார்.

இரண்டாவது வருடம் ஒரு வியாழக்கிழமை, யசோதரா கோரமண்டலில் ரயிலை விட்டு இறங்கி வழக்கம்போல நடந்தாள். ரோடு வளைகிற இடத்தில் நின்றாள். பகலெல்லாம் பெங்களூரில் கழிக்கிற அவளுக்கும், தாராவைப் போல, எதிரே முள்தான் இருந்தது. பின்னால் மண்மேட்டின் மேல் கடைசி வெயில் இருந்தது. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அதிலும் வெள்ளையாகத்தான் இருந்தது. ரோட்டின் ஓரத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, முள்ளுக்குள்ளிருந்து தெரசாக்காவின் குரல் கூப்பிட்டது.

“யசோ, இன்னாத்துக்கு அங்கயே நிக்கிறே? கொழம்பு ஆறுது, வா.”

“அக்கா, எனக்குத் தெரியலக்கா.”

முள்ளுக்குள் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தெரசாக்கா ரோட்டுக்கு வந்தாள், கண்ணுக்குத் தெரிந்தாள், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் வைக்க மறுத்த இடத்தில் யசோதரா கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தாள். முள் குத்தவில்லை. சாணம் மெழுகிய குளிர்ச்சி பாதத்தில் ஏறியது. கண்ணைத் திறந்தால் சுற்றிலும் முள். தெரசாக்காவின் கையும் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அதற்குமேல் ஆள் இல்லை, பிடி மட்டும் இருந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தெரசாக்கா அவளை வாசல் வாசலாக இட்டுக்கொண்டு போகிறாள். “இங்கயா?” என்று யசோதரா கேட்பாள். “இன்னும் ரெண்டடி. ஆங், நில்லு. இது பக்தவச்சலம் வூடு, உனக்கு டீ நீட்டிக்கினு கீறாரு,” என்று குரல் வரும். வெறும் காற்றிலிருந்து சுடச்சுட டம்ளர் அவள் கைக்கு வரும். குடித்துவிட்டுப் புள்ளி வைப்பாள். அனுப்பியதும் தகரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும், அவள் தன் வீட்டைப் பார்ப்பாள், புதன் வரைக்கும் பார்ப்பாள். மற்ற நாட்களில் கையால் தடவிச் சமைக்கிறாள், கையால் தடவிக் கட்டிலைக் கண்டுபிடிக்கிறாள். சாயங்கால மழை வந்தால் அது வானத்திலிருந்து நேராக அவள் முகத்துக்கு இறங்குவது தெரியும். தகரத்தில் அது விழுகிற சத்தம் காதை அடைக்கும். ஒரு சொட்டும் மேலே படாது. முதல் முறை அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இப்போது மூடுவதில்லை.