டிரில்லர் வாங்கிய கம்ப்யூட்டர்

குமரகுருவுக்குத் தெரியாத இயந்திரம் இந்த உலகத்தில் இன்னும் செய்யப்படவில்லை. இது அவன் தன்னைப் பற்றித் தானே வைத்திருந்த அபிப்பிராயம். மல்லசமுத்திரத்தில் வேறு யாரும் அதை மறுத்துச் சொன்னதுமில்லை. பதினாறு வருஷமாக ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். போர் போடும்போது குழிக்குள் சுத்தியல் அடிக்கிற சத்தத்தை வைத்தே கீழே கிடப்பது கருங்கல்லா, உதிரிக் கல்லா என்று சொல்லிவிடுவான். ராஜஸ்தான், ஒடிசா, சத்தீஸ்கர் என்று வருஷத்தில் ஒன்பது மாதம் வண்டியோடு சுற்றுவான். வடக்கே மழை பெய்கிற மூன்று மாதம் வீடு. புரட்டாசி பிறந்ததும் மறுபடி வண்டி ஏறிவிடுவான்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒன்றே ஒன்றுதான் பிடிபடவில்லை. பெற்ற மகள்.

தனப்பிரியா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன சீசனில் அவன் வண்டியிலிருந்து போன் செய்தபோதெல்லாம் பேச்சு ஒரே மாதிரிதான் போனது. “சாப்ட்டியா சாமி?” என்பான். “ம்.” “நல்லாப் படிக்கிறியா?” “ம்.” அதற்குமேல் அவன் யோசிப்பதற்குள் போன் அவள் அம்மா சுகன்யாவின் கைக்குப் போயிருக்கும். வயசுப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான். ஊருக்கு வந்த பிறகல்லவா தெரிந்தது! சாயந்திரமானால் அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போனில் ஏதோ விளையாட்டு விளையாடுகிறாள். கூட விளையாடுகிற சிநேகிதிகளோடு பேச்சு, சிரிப்பு, அதட்டல், “ஏய், அக்கட்ட போடி” என்று ஒரே கூச்சல். கதவுக்கு வெளியே நின்று கேட்ட குமரகுருவுக்கு வயிறு எரிந்தது. இத்தனை பேச்சு இருக்கிற பிள்ளையா தனக்கு வெறும் ‘ம்’ போடுகிறாள்?

“அவளுக்குப் பெரிய கம்ப்யூட்டர்ல விளையாடோணும்னு ரொம்ப நாளா ஆசைங்க,” என்றாள் சுகன்யா.

அவ்வளவுதான். வழி கிடைத்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாளில் வண்டி கிளம்புகிறது. அதற்குள் இந்த ஜில்லாவிலேயே யாரிடமும் இல்லாத ஒரு கம்ப்யூட்டரை மகள் முன்னால் இறக்கிவிட வேண்டும். அப்புறம் ‘ம்’ என்று எப்படிச் சொல்வாள், அதையும் பார்த்துவிடலாம்!

மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் குமரகுரு என்ன ஆவது? வீடியோக்களைப் பார்த்து ஒரு லிஸ்ட் எழுதிக்கொண்டு, மறுநாளே சேலம் சூரமங்கலத்தில் கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கிப் பூட்டித் தருகிற ஒரு கடைக்குப் போனான். கடைக்காரி மஞ்சுளாவுக்கு முப்பது வயதிருக்கும். காதில் ஒரு பென்சில், கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். லிஸ்ட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். படித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, இது யாருக்குங்க?”

“எம் புள்ளைக்கு. ஒம்போதாவது படிக்குது.”

“இந்த பவர் சப்ளைல நாலு கம்ப்யூட்டர் ஓட்டலாமுங்க.”

குமரகுரு சிரித்தான். பாவம், சின்னப் பெண், தொழில் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான். “இங்க பாரு கண்ணு. ரிக்குக்கு கம்ப்ரஸர் எப்படியோ, இதுக்கு பவர் சப்ளை அப்படி. காத்து பத்தலீன்னா சுத்தியல் அடிக்காது. பெருசாவே போடு.”

“இதுல போர் போடப் போறதில்லீங்கண்ணா.”

அவன் அசரவில்லை. அறுநூறு அடி போடச் சொன்னால் ஆயிரம் அடிக்குப் பைப் ஏற்றிக்கொண்டு போவதுதான் ரிக் தொழிலின் வழக்கம். நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரர் முன்னால் பாதிக் குழியில் பைப் தீர்ந்து போய் நிற்பதைவிட ஒரு டிரில்லருக்குக் கேவலம் வேறில்லை. அந்தப் பழக்கத்திலேயே அவன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனான். படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு, கடையில் இருப்பதிலேயே பெரியது. ப்ராசஸர் அதற்கு ஈடாக. சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடுகிற கூலர். பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கேபினெட், உள்ளே ஏழு கலரில் லைட்டு.

மஞ்சுளா எழுதிக்கொண்டே வந்தாள். பென்சிலை நிறுத்தி, “பாப்பா என்ன கேம் விளையாடுதுங்க?” என்று கேட்டாள்.

குமரகுருவுக்குச் சுருக்கென்றது. தெரிந்தால்தானே சொல்வான்? “என்ன கேமா இருந்தா என்ன? எல்லாமே ஓடோணும்,” என்று சத்தமாகச் சொன்னான். சத்தம் போட்டால் தெரியாதது மறைந்துவிடும் என்பது ஆண்களுக்கு எங்கே சொல்லிக்கொடுக்கப்படுகிறதோ!

“அண்ணா, அட்டையைப் பிரிச்சுட்டா நான் திருப்பி எடுத்துக்க முடியாதுங்க. சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அது ஒருக்கா பாத்து சரின்னுட்டா, அங்கியே உக்காந்து பூட்டித் தந்துடறேன்.”

அவனுக்கு உள்ளூரச் சம்மதமில்லை. ஆனாலும் மகள் கடைக்கு வந்து, மலை மாதிரி அடுக்கிய பெட்டிகளைப் பார்த்து வாயைப் பிளப்பதைக் கண்ணால் பார்க்கலாமே என்று தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை தனப்பிரியா வந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். வாயைப் பிளக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பின்பக்கம் இருந்த எழுத்தைப் படித்தாள். அப்புறம் மஞ்சுளாவிடம், “அக்கா, இந்தக் கார்டு வேண்டாங்க. இதுல பாதி இருந்தாலே போதும்,” என்றாள்.

“ஏஞ்சாமி? இருக்கறதுலயே பெருசு அதுதான்,” என்றான் குமரகுரு.

“நா விளையாடற கேமுக்கு இவ்வளவு பெரிய கார்டு தேவையில்லீங்கப்பா.” அவள் அடுத்த பெட்டிக்குப் போனாள். “தண்ணி கூலரும் வேண்டாம், சாதா ஃபேன் போதும். கண்ணாடி வேண்டாம். லைட்டும் வேண்டாம், நம்ம ஊட்டு ரூமுல மாரியம்மன் நோம்பியா போடறாங்க?”

மஞ்சுளா சிரிப்பை அடக்கிக்கொண்டு கவுண்டருக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்தாள். குமரகுருவின் முகம் சிவந்துவிட்டது. ஒன்றொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதியதையெல்லாம் இந்தப் பிள்ளை தோட்டத்தில் களை பறிப்பது போலப் பிடுங்கிப் போடுகிறாளே! ஒன்பது மாதம் வெயிலில் நின்று சம்பாதித்தது. அதை வேண்டாம் என்று சொல்ல இவள் யார்?

“அப்பன் ஆசையா வாங்கித் தாரேன். வாயை மூடிட்டு வாங்கிக்கோ!” என்று கத்திவிட்டான்.

தனப்பிரியா கையிலிருந்த பெட்டியைக் கவுண்டர் மேல் மெதுவாக வைத்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒண்ணு வாங்கினா நா யாரோட விளையாடறதுங்கப்பா?” என்றாள்.

“உன் கூட்டாளிங்க இருக்கறாங்களே.”

“அவங்க தெனமும் பள்ளிக்கூடத்துலயே இருக்கறாங்க. நீங்கதான் இல்லை.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “போன் பண்ணுனா சாப்ட்டியாங்கறீங்க, படிச்சியாங்கறீங்க. அதுக்கு ம்-னுதானே சொல்ல முடியும்? வேற என்ன கேக்கறதுன்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இதுல பாதிக் காசுக்கு எனக்கு ஒண்ணு போதும். மீதியில உங்களுக்கு ஒண்ணு பூட்டுங்க. வண்டியில வெச்சுக்குங்க. வாரத்துல ஒரு நாள் ரெண்டு பேரும் விளையாடலாம்.”

ஆயிரம் அடிக்குக் கீழே கிடப்பது எந்தக் கல் என்று ஓசையில் சொல்கிறவன், தன் வீட்டுப் பிள்ளை ‘ம்’ என்றபோது அதை மட்டும் தப்பாகக் கேட்டிருக்கிறான். கடைக்காரி தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பி நின்று தெருவில் போன டவுன் பஸ்ஸைப் பார்த்தான். பஸ் போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பினான்.

“வண்டியில கரண்ட் இருக்குதுங்களாப்பா?” என்று கேட்டாள் மகள்.

கேட்டாளே ஒரு கேள்வி! வண்டி என்று வந்துவிட்டால் குமரகுருவை யார் பிடிக்க முடியும்?

“ஜெனரேட்டர் இருக்குது சாமி. ஆனா கரண்ட் ஏறும், எறங்கும். நேராக் குடுத்தா பொருள் போயிரும்.”

“அப்ப நடுவுல ஒரு யூபிஎஸ் வேணுமுங்க,” என்று மஞ்சுளா எழுதிக்கொண்டாள். “சும்மா ஒரு லேப்டாப் வாங்கிக்கலாமுல்லீங்கண்ணா?”

“வேண்டாங் கண்ணு. கல்லுத் தூள் மாவு மாதிரி பறக்கும். லேப்டாப்புக்குள்ள போச்சுன்னா காட்டுக்குள்ள எவன் பிரிச்சுத் தருவான்? நானே கழட்டி, தொடச்சு, நானே பூட்டற மாதிரி இருக்கோணும். எது போனாலும் அதை மட்டும் மாத்தற மாதிரி.”

தனப்பிரியா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அது அவள் வாயிலிருந்தே வந்திருக்க வேண்டிய பேச்சு. “அப்ப கிராபிக்ஸ் கார்டே வேண்டாங்கக்கா,” என்றாள். “ப்ராசஸர்லயே படம் காட்டறது இருக்குதுல்ல, அதைப் போடலாம். கார்டு வெச்சா வண்டி குலுங்கற குலுக்கல்ல ஸ்லாட்டு உட்டுப் போயிரும்.”

“பெரிய கூலரும் வேண்டாம்,” என்றான் குமரகுரு. “கனமா இருந்தா ஒரே பள்ளத்துல போர்டை ஒடச்சுப்போடும். சின்னதாக் குடு. கேபினெட் தகரத்துல இருக்கட்டும். சுத்துற டிஸ்க் இருந்தா வேண்டாம், ஆட்டத்துக்குத் தாங்காது.”

“அது எஸ்எஸ்டி போட்டுக்கலாம்ப்பா. அதுல சுத்தறதே கெடையாது.”

“பரவால்லியே!”

இப்படியாக அப்பனும் மகளும் ஒரு மணி நேரம் பேசினார்கள். ரேம் ஒன்றா இரண்டா என்று சண்டை போட்டார்கள், மகள் ஜெயித்தாள். ஃபேன் முன்னால் துணி வலை கட்ட வேண்டும் என்பதில் அப்பன் ஜெயித்தான். போன சீசன் ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து இத்தனை பேச்சு நடந்திருக்காது. அது அவனுக்கே உறைத்தது. உறைத்தாலும் ஒன்றும் சொல்லாமல், “ஸ்க்ரூவுக்கெல்லாம் வாஷர் போடு கண்ணு, இல்லீன்னா கழண்டுக்கும்,” என்று மட்டும் மஞ்சுளாவிடம் சொன்னான். இரண்டு கம்ப்யூட்டரையும் அங்கேயே உட்கார்ந்து பூட்டினார்கள். வண்டிக்குப் போகிற பெட்டியைக் குமரகுருவே பூட்டினான். மகள் ஒவ்வொரு ஒயரையும் எங்கே சொருகுவது என்று காட்டினாள். முதல் தடவை அது உயிர் வந்து ஓடியபோது அவன் கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

புரட்டாசியில் வண்டி கிளம்பியது. பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டு போனான். வழியில் ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்திலும் ஏறிப் பார்த்து, ஒரு ஸ்க்ரூகூடக் கழலவில்லை என்று உறுதி செய்துகொண்டான்.

சத்தீஸ்கரில் ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்து மணி. அன்றைக்கு இரண்டாவது போரில் தண்ணீர் பீய்ச்சி அடித்துவிட்டது. காட்டுக்காரர் இனிப்புக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குமரகுரு குளித்து, நல்ல சட்டை ஒன்று போட்டுக்கொண்டு, வண்டிக்குள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். போனிலிருந்து நெட் எடுத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டான்.

“அப்பா, கேக்குதுங்களா?”

“கேக்குது சாமி, கேக்குது! தெளிவாக் கேக்குது!”

“மெதுவாப் பேசுங்கப்பா. காது வலிக்குது.”

இரண்டு பேரும் ஒரே கட்சி. ஒரு பாழடைந்த ஊருக்குள் எதிரிகள் ஒளிந்திருந்து சுடுவார்கள். தப்பித்து ஆற்றின் அக்கரைக்குப் போக வேண்டும். ஒருவன் விழுந்தாலும் உடனே செத்துவிட மாட்டான். அரை நிமிஷம் கிடப்பான். அதற்குள் கூட்டாளி வந்து தொட்டுத் தூக்கினால் எழுந்துகொள்வான். தனப்பிரியா இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கடைசியாக, “எம் பின்னாலயே வாங்கப்பா, முன்னால ஓடாதீங்க,” என்றாள்.

குமரகுருவா பின்னால் வருகிறவன்? “நீ இரு சாமி, அப்பன் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு, நேராகத் தெரு நடுவில் ஓடினான். பத்தடி போயிருப்பான். எங்கிருந்தோ நாலு குண்டு. திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. தரையில் மல்லாக்க விழுந்து கிடந்தான். மகள் ஊரின் அந்தக் கோடியில் ஒரு சுவருக்குப் பின்னால் இருந்தாள். இருவருக்கும் நடுவில் அத்தனை தெருவிலும் எதிரிகள்.

“உட்டுரு சாமி,” என்றான். அவனுக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. “அப்பனுக்கு இது வராது. நீ போய் ஜெயிச்சுக்கோ.”

“பேசாமப் படுத்திருங்க,” என்றாள் தனப்பிரியா. காதுக்குள் அவள் மூச்சிரைப்பும், விசைகளை வேகமாகத் தட்டுகிற சத்தமும் கேட்டன. “ஒண்ணும் ஆகாது. நா வாரேன்.”

குமரகுரு மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மகள் வருகிற வழியைப் பார்த்துக் காத்திருந்தான்.