பின்கதவு ஒடுக்கும் சில முடிவுகளும்

1

2025 ஜூன் 14, சனிக்கிழமை. போர்ட் பிளேயர்*, பத்துபஸ்தியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப். காலை பத்தரை மணிக்கு, வெள்ளி நிறக் கார் ஒன்றின் இடது பின்கதவில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் குமிழ், இழுத்தவரின் கையோடு கழன்று வந்தது. கதவில் இருந்த ஒடுக்கு அப்படியே இருந்தது.

* அரசு ஆவணங்களில் ஊரின் பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். இந்தக் கதையில் வருகிறவர்கள் யாரும் அரசு ஆவணத்தைப் போலப் பேசுவதில்லை.

இது கதையாக வேண்டிய விஷயமே இல்லை. ஒரு மாத இதழின் வாகனப் பராமரிப்புப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். பெயிண்ட் கெடாமல், பசை போட்டுக் குமிழை ஒட்டி, அதைப் பிடித்து இழுத்து ஒடுக்கு எடுக்கிறார்கள் அல்லவா? இழுக்கும்போது பசை ஏன் விட்டுவிடுகிறது, விடாமல் பிடிக்க என்ன செய்யவேண்டும், அதுதான் பொருள். உதாரணத்துக்கு ஒரு கார் தேவைப்பட்டது. காருக்கு ஒரு கதவு இருந்தது. கதவில் ஒடுக்கு விழ ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் ஷாஹிதா உள்ளே வந்தாள். வந்தவள் கட்டுரையை முடிக்க விடவில்லை.

2

தொடக்கம் அ: "தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷாஹிதாவின் மனதிலும் ஒரு—"

வேண்டாம். அவள் மனதில் மழை எதுவும் இல்லை. இரண்டு மணிக்குத் தரையிறங்கும் சென்னை விமானம் மட்டும்தான் இருந்தது.

தொடக்கம் ஆ: "பசை என்பது உறவைப் போன்றது. அளவாக—"

இந்த வாக்கியம் என் கையை மீறி வந்தது. இனி இந்தக் கதையில் பசை என்றால் பசைதான்.

தொடக்கம் இ, இதுதான் நிற்கிறது: ஷாஹிதா லம்பா லைனில் உம்மா ஜன்னத் பீவியோடும், அவள் 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன் பைசலோடும் இருக்கிறாள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். பைசலுக்கு அபர்தீன் பஜாரில் பேன்சி கடை. கார் பைசலுடையது. அவள் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கிய பிறகுகூட, சீருடை மூட்டைகளோடு பஸ்ஸுக்குத்தான் நின்றாள். மழைக்காலத்தில் மூட்டைக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள். பைசலின் காரைப் பைசலைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது அந்த வீட்டில் விவாதிக்கப்படாத சட்டம். போன நோன்பில் ஒருநாள் மூவரும் நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் அந்தச் சட்டத்தை விவாதித்தாள்.

"ஒரே ஒரு ஒடுக்கு விழட்டும் காக்கா. சாவியக் குடுத்துட்டு மறுபடி பஸ்ல போறேன். அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன். பக்கா."

"உம்மா, கேட்டியா? நீதான் சாட்சி," என்றான் பைசல்.

ஜன்னத் பீவி கஞ்சியைக் கலக்கிக்கொண்டே தலையாட்டினார்.

பக்ரீத்துக்குப் பைசல், சாவியை அவளிடம் விட்டுவிட்டு, மெயின்லேண்ட் போனான். லம்பா லைன் சந்துகளில், தண்ணீர் வராத நாளுக்கென்று வாசலில் நீல டிரம்கள் நிற்கும். காலி டிரம் இடித்தால் உருண்டுபோகும். நிறைந்த டிரம் சுவர். வெள்ளிக்கிழமை மாலை ஷாஹிதா திருப்பத்தில் கொஞ்சம் அதிகமாக ஒடித்து இடித்த டிரம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் என்பதால் கீறல் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு மட்டும்.

ஆகவே பணயம் இதுதான்: விமானம் இறங்குவதற்குள் ஒடுக்கு போக வேண்டும். இல்லாவிட்டால் அவள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், இனி எப்போதும்.

3

ஒடுக்கு எடுக்கும் சிவபிரகாஷை நான் முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். அதிகம் பேசாதவர், கைதேர்ந்தவர், கண்ணாலேயே குழிவின் ஆழத்தை அளந்துவிடுபவர். அப்படிப்பட்டவர்களைக் கதைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததில்லை. ஆகவே மாற்றினேன். தூத்துக்குடிக்காரர், வாய் ஓயாதவர், குமிழ் கழன்றால் தன்னைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் குறைசொல்பவர்.

"கம்பெனி பெயிண்ட்தான மேடம்? நடுவுல யாரும் கை வைக்கலயே?" என்று மட்டும் முதலில் கேட்டார். அது சரியான கேள்வி.

"எங்க காக்கா இதுமேல ஈ உக்கார விடமாட்டாரு," என்றாள் ஷாஹிதா. அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை.

முதல் குமிழ் கழன்றது.

"பசைல கோளாறு மேடம். கப்பல்ல வருதுல்லா, உப்புக்காத்து பட்டுச் சத்து போயிட்டு."

இரண்டாவது கழன்றது.

"இது மழை. ஹவால, காத்துல பூரா தண்ணி. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

மூன்றாவது கழன்று, பறந்து, காருக்கு அடியில் போய்விட்டது.

"அரே அண்ணே," என்றாள் ஷாஹிதா, "பசை கப்பல்ல கெட்டுச்சு, குமிழு மழைல கெட்டுச்சு. உங்க கை எதுல கெட்டுச்சு?"

"கைக்கு ஒண்ணுமில்ல மேடம். யூடியூப்ல பாத்துப் பாத்துப் படிச்ச கை. இந்த ஐலண்ட்ல இப்படி ஒரு கை கிடையாது."

ஷாஹிதா குனிந்து, காருக்கு அடியிலிருந்து குமிழை எடுத்தாள். பசை முழுதும் அதிலேயே இருந்தது, கண்ணாடி போல. கதவில் ஒரு பொட்டுகூட இல்லை.

[கட்டுரையிலிருந்து ஒரு பத்திக்கு மட்டும் இங்கே இடம் தருகிறேன். கழன்ற குமிழைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பசை குமிழோடு வந்துவிட்டால், குறை கதவில்: அழுக்கு, மெழுகு, எண்ணெய், அல்லது குளிர்ச்சி. பசை கதவிலேயே தங்கிவிட்டால், குறை குமிழில்: அதன் முகத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவேண்டும். இரண்டிலும் பாதிப்பாதி ஒட்டிக் கிழிந்திருந்தால், இழுத்தவருக்குப் பொறுமை இல்லை.]

அவள் பசையைத் தடவினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது.

"அண்ணே, ஒரு விஷயம் சொன்னா ஏசமாட்டீங்கள்ல?"

"சொல்லுங்க."

"தேங்காண்ண."

"எங்க?"

"கார் பூரா. உப்புக்காத்துக்கு ஆகும்னு எங்க காக்கா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னாடி தேச்சு விடுவாரு. கூட டேஷ்போர்டு பாலிஷும் கலந்து. இன்னைக்குக் காலைல நானும் ஒரு கை போட்டேன். பளபளன்னு இருந்தா ஒடுக்கு தெரியாதுல்ல?"

(தெரியும். பளபளப்பில்தான் ஒடுக்கு நன்றாகத் தெரியும்.)

சிவபிரகாஷ் இழுக்கும் கருவியைக் கீழே வைத்தார். "ஏன் மேடம், தலையும் வாரிப் பூவும் வச்சிக் கூட்டிட்டு வந்துருக்கலாமே?"

4

துடைக்க வேண்டும். எதைக்கொண்டு என்பதில் இருவரும் ஒரு தப்புச் செய்தார்கள்.

கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசர் கேன் ஒன்று ஒர்க்‌ஷாப் மூலையில் கிடந்தது. "இதுவும் ஸ்பிரிட்தான், ஒரே சாமான்," என்றார் சிவபிரகாஷ். ஷாஹிதாவும் ஆமாம் என்றாள். கதவைத் துடைத்தார்கள். ரோஜா வாசனை வந்தது. குமிழை ஒட்டினார்கள். ரோஜா வாசனையோடு அதுவும் கழன்றது. கை காய்ந்துபோகாமல் இருக்க அதில் வழவழப்பாக ஏதோ சேர்த்திருப்பார்கள். அந்த வழவழப்பு கதவையும் காயவிடவில்லை.

ஷாஹிதா மழையில் போய் மருந்துக்கடையிலிருந்து ஸ்பிரிட் வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு நடந்தது கட்டுரைக்கு ஏற்ற விதமாக நடந்தது. முதலில் பாத்திரம் விளக்கும் சோப்புத் தண்ணீர், பிறகு ஸ்பிரிட். துடைக்க ஒரு துணி, உலர்த்த வேறு துணி. ஒரே துணி என்றால் எடுத்த எண்ணெயை அதுவே திருப்பிக் கொடுத்துவிடும். மழையில் சில்லென்று இருந்த தகட்டுக்கு வெந்நீர்க்காற்று, இல்லை, வெறும் சூடான காற்று.* காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டால் இருக்கும் சூடு போதும். குமிழின் முகத்துக்கு உப்புத்தாள். பசையை நிறைய வைத்து, பிதுங்கி வெளியேறும்படி அழுத்தாமல், மெல்லப் பொருத்துவது. பிறகு காத்திருப்பது: பசை இளகலாக இருக்கும்போதும் இழுக்கக்கூடாது, முழுதும் ஆறிய பிறகும் இழுக்கக்கூடாது.

* வாக்கியம் ஓடிய வேகத்தில் வெந்நீர் வந்துவிட்டது. அடிக்க மனம் வரவில்லை.

"இப்ப இழுத்தா வரும்," என்றார் சிவபிரகாஷ்.

"எல்லாத்துக்கும் அப்படித்தான் சொன்னீங்க."

"அது எண்ணெக்குச் சொன்னது. இது கதவுக்குச் சொல்லுதேன்."

கட்டுரை இந்த இடத்தில் வெற்றிகரமாக முடிகிறது. இதழுக்கு நான் அனுப்பியது இதுவரைக்கும்தான்.

5

அவர் இழுக்கும் கருவியைத் திருகினார். தகடு 'டப்' என்றது.

"வந்துட்டு!" என்று கத்தினார் சிவபிரகாஷ். குனிந்து பார்த்தார். "ரெண்டும் வந்துட்டு," என்றார், குரல் இறங்கி.

ஒடுக்கு இருந்த இடம் சமமாகியிருந்தது. குமிழின் நுனியில், பசையைக் கெட்டியாகப் பிடித்தபடி, ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெள்ளி நிறப் பெயிண்ட் வந்திருந்தது. கதவில் அந்த இடம் மட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில், சுண்ணாம்பு பூசிய சுவர் போல இருந்தது.

"என்னண்ணே இது?"

"குழிய நிரப்புற பட்டி மேடம். இந்தக் கதவு ஏற்கெனவே அடி வாங்கிருக்கு. பட்டி வச்சுத் தேச்சு, மேல கலர் அடிச்சிருக்காங்க. கம்பெனி பெயிண்ட்னா மலை மாதிரி நிக்கும். இது மேலோட்டமா நின்னது." கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "கலரும் ஒரு பொடி மாறுது பாருங்க. எண்ணெ கிடந்தா தெரியாது."

பார்த்தாள். எண்ணெய் போன பின்கதவு ஒரு வெள்ளி. எண்ணெயோடு இருந்த முன்கதவு வேறு வெள்ளி.

[அவளுக்கு எப்படித் தெரியவைப்பது என்று இந்த இடத்தில் திணறினேன். டேஷ்போர்டில் ஒரு பழைய ரசீது வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். கதைகளில் ரசீதுகள் தேவைக்குமேல் உழைத்துவிட்டன. அப்போது உம்மா போன் செய்தார். அதற்கு நான் பொறுப்பில்லை.]

"அவன் பிளேன் ஏறிட்டானாம். நீ எங்கடி நிக்கிற, மழையில?"

"ஒர்க்‌ஷாப்ல உம்மா. கதவுல ஒரு ஒடுக்கு. சரிபண்ண வந்தேன்."

"எந்தக் கதவு?"

"இடது பக்கம், பின்னாடி."

"யா அல்லாஹ், மறுபடியுமா?"

ஷாஹிதா போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பக் காதில் வைத்தாள்.

"மறுபடியும்னா என்ன உம்மா?"

மறுமுனையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது.

"அடுப்புல பால் வச்சிருக்கேன்," என்றார் ஜன்னத் பீவி. போன் நின்றது.

இரண்டு வருடம் முன்பு ஷாஹிதா ஒரு கல்யாணத்துக்காக வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிபூர் போயிருந்தாள். பஸ்ஸில் இடுப்பு ஒடிந்து திரும்பி வந்தபோது, கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார்கள். நீண்ட சர்வீஸ். அதன் பிறகுதான் வெள்ளிக்கிழமை எண்ணெய் தொடங்கியது. உப்புக்காத்து அதற்கு முன்பும் வீசிக்கொண்டுதான் இருந்தது. சாட்சியாக உட்கார்ந்து கஞ்சி கலக்கியவரையும் இப்போது அவள் நினைத்துப் பார்த்தாள்.

6

முடிவுகள். என்னிடம் சில உள்ளன.

முதலாவது சிவபிரகாஷுடையது. "பட்டி வச்சுக் கலர் அடிக்க இன்னைக்கு முடியாது. 'ஐ லவ் அந்தமான்'னு ஒரு ஸ்டிக்கர் இருக்கு, டால்பின் படத்தோட. கரெக்டா மறைச்சிரும்." ஷாஹிதா அவரைப் பார்த்த பார்வையில் டால்பின் தானே சுருண்டு பெட்டிக்குள் போய்விட்டது.

இரண்டாவதில் அண்ணனும் தங்கையும் விமானநிலைய வாசலில், மழையில், ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக் கண்கலங்குகிறார்கள். எழுதிப் பார்த்தேன். அங்கே அழுவதற்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், வண்டியையும் அதிக நேரம் நிறுத்த விடமாட்டார்கள்.

மூன்றாவதில் பைசல், "என்ன இது?" என்கிறான். அவள், "பட்டி, காக்கா. எப்ப வச்சது?" என்கிறாள். உங்களுக்கு இது பிடிக்கும் என்று தெரியும். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த அளவுக்குக் கச்சிதமாக யாரும் தன் அண்ணனிடம் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவே. ஷாஹிதா, "ஸ்பிரிட் மிச்சம் இருக்கா அண்ணே?" என்று கேட்டாள். இருந்தது. துணியை வாங்கி, முன்கதவையும் பின்பக்க மட்கார்டையும் அவளே எண்ணெய் போகத் துடைத்தாள். மங்கலான வெளிச்சத்திலும் பின்கதவு தனியாகத் தெரிந்தது.

"மேடம், நீங்க மறைக்க வந்தீங்களா, காட்ட வந்தீங்களா?" என்றார் சிவபிரகாஷ்.

"வரும்போது மறைக்கத்தான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

விமானம் தாமதமில்லாமல் வந்தது. பைசல் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பெட்டியைப் பின்சீட்டில் வைக்க இடதுபக்கம் போனான். பின்கதவுக்கு முன்னால் நின்றான். ஷாஹிதா இறங்காமல், ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி, கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து இருவரும் பேசியதை நான் எழுதப்போவதில்லை. உங்களிடம் விடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: இருவரும் அதே காரில் அதே வீட்டுக்குத்தான் போகவேண்டும், அங்கே உம்மா இருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பைசல் சாவியைக் கேட்கவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஷாஹிதா ஓட்டினாள். திங்கட்கிழமை சீருடை மூட்டைகள் காரில் காரச்சர்மா பள்ளிக்குப் போயின.