ஆடாத குட்டிகள்

ராயபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில் டாக்டர் ஹில்டா வளர்த்த வெள்ளைச் சுண்டெலிகள் பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். வளர வளரப் பின்னங்கால் ஆடும். பிறகு நிற்க முடியாது. மூளையை மெல்லச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் காரணம் தெரியும். நரம்பணுக்களுக்குள் புரதம் கட்டிகட்டியாகக் கிடக்கும். வேலை முடிந்த புரதத்தை உடைத்து அகற்றும் ஏற்பாடு இந்த எலிகளுக்குப் பிறவியிலேயே பழுது. இறக்கிய சரக்கை யாரும் எடுக்காவிட்டால் துறைமுகம் முடங்கிப்போவது போல நரம்பணுவும் முடங்கிவிடும்.

குறை கலைந்துவிடாதிருக்க அண்ணன் எலியையும் தங்கை எலியையுமே ஜோடி சேர்ப்பார் ஹில்டா. கூண்டுகளைப் பராமரித்துவந்த மனோகரனுக்கு அது ஒப்பவில்லை. அவன் காசிமேட்டுக்காரன், பந்தயப் புறா வளர்ப்பவன். புறா வம்சம் சோடை போனால் வெளியிலிருந்து ஆண் கொண்டுவருவது அவர்கள் வழக்கம். 1972இல் ஹில்டா வெளியூர் போயிருந்தபோது, நடுங்கத் தொடங்கிய பெண் எலிகளோடு இந்தக் குறையில்லாத வேறு வம்ச ஆண்களை விட்டான்.

பிறந்த குட்டிகள் வளர்ந்தன. ஒன்றுகூட ஆடவில்லை.

"புது ரத்தம் வுட்டேன் டாக்டரம்மா. நோவு பூட்ச்சி" என்றான், அவர் திரும்பி வந்ததும்.

"போகலை, ஒளிஞ்சிருக்கு. இந்தக் குட்டிங்களையே ஜோடி போடு."

போட்டான். அடுத்த ஈற்றில் ஏறக்குறைய நாலில் ஒன்று நடுங்கியது. ஹில்டா விளக்கினார். ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு விதை, தகப்பனிடமிருந்து ஒரு விதை. இந்த எலிகளில் ஒன்று நல்லதாக இருந்தாலே வேலை நடந்துவிடும். இரண்டும் பழுதானால்தான் நடுக்கம்.

மனோகரன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இத்த நம்பித்தாம்மா மாமன் பொண்ணு கன்னியம்மா வோணாம், சொந்தத்துல இல்லாம அசல்ல கட்டுறேன்னு சொல்ட்டு வந்தேன். எங்கப்பா கை கால் ஆடித்தான் செத்தாரு."

"தாத்தா?"

"அவரும்தான்."

"தலைமுறை தவறாம வருது. அது வேற வகை, மனோகரா. அதுக்குப் பழுது விதை ஒண்ணே போதும். உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். காசு சுண்டுற மாதிரி. வந்திருந்தா உன் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே மாதிரி பாதிக்குப் பாதிதான்."

"அசல்ல கட்டுனா?"

"யாரைக் கட்டினாலும் அதேதான். கன்னியம்மா உன் அம்மா வழி. அவளால கூடவும் கூடாது, குறையவும் குறையாது."

"இப்பவே பாத்து சொல்ல முடியாதா?"

"அதுக்குச் சோதனை எதுவும் கிடையாது."

மாலையில் மீன் ஏலத்துறைக்குப் போனான். கன்னியம்மா இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதை எல்லாம் வரிசையாகச் சொன்னான். அவள் நிமிரவில்லை.

"உங்கப்பாருக்குக் கடைசிவரிக்கும் கஞ்சி ஊட்டனது யாரு?"

"நீதான்."

"எனக்குத் தெரியாததா சொல்லிகினு கீற? எலியாண்ட கேட்டியே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியாய்யா?"

அவள் பிரித்த இறாலைக் கூடையில் கொட்டி, மேலே ஐஸை அள்ளிப் போட்டாள்.

"புள்ள வோணுமா வோணாமான்னு அப்பால பேசிக்கலாம். ஐஸு கரையுது, அந்தப் பக்கம் புடி."

கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தான்.