மிரியம் எழுந்திருக்க வேண்டாம்

1

இந்தக் கதை என் மனைவி மரகதம் கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. விருந்து முடிந்து காரில் திரும்பும்போது கேட்டாள்: “ஏனுங்க, அந்தம்மாளுக்கு மரியாதை பண்ணுனாங்களா, இல்ல மறுபடியும் வேலை வெச்சாங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியலாம்.

இடம் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன யூதக் கோயில். தொண்ணூற்றேழாம் வருஷம். நான் அங்கே பெருக்கித் துடைத்து நாற்காலி போடுகிறவன். மிரியம் கெஸ்லர் அதன் தலைவர், சம்பளமில்லாத தலைவர். இப்படித் தொடங்கினேன்:

‘தியாகமே உருவெடுத்த மிரியம் கெஸ்லர் அவர்கள்

அடித்துவிட்டேன். நான் எழுத்துக் கூட்டிப் பழகியதே முப்பத்தைந்துக்கு மேல். பெரிய வார்த்தையைத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்கிறது.

‘மிரியத்துக்கு ஒரே ஆசை. ஒரு சனிக்கிழமைப் பிரார்த்தனையையாவது இடத்தைவிட்டு நகராமல் சொல்லி முடிக்க வேண்டும்.’

இது நிற்கும். ஒன்பது வருஷமாக அது நடக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் போதும், தோளில் ஒரு விரல்.

“மிரியம், ஹீட்டர் ஓடல.”

“மிரியம், பாத்ரூம்ல பேப்பர் இல்ல.”

“மிரியம், பத்தாவது ஆள் இன்னும் வரல.” (பத்துப் பேர் கூடினால்தான் அவர்கள் சில பிரார்த்தனைகளைச் சொல்லலாம்.)

[பேசியதெல்லாம் ஆங்கிலம். என் காதுக்குள் வரும்போது நம் பேச்சாகிவிடுகிறது.]

ஒருமுறை பதவியை விட்டுவிடப் பார்த்தார். கூட்டம் நடக்கையில் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. வாளியோடு இறங்கிப் போனார். ஏறி வந்தபோது கைதட்டல்: மறுபடியும் அவர்தான் தலைவர்.

2

இந்தமுறை தலைவராக இருக்கப் பல் டாக்டர் ஜோயல் ஒத்துக்கொண்டார். “ஒரு வருஷம் பாக்கறேன். சரிப்படலன்னா நீதான்.” மிரியத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. அவருக்குத் தெரியாமல் ஒரு பாராட்டு விருந்து வைக்க முடிவாயிற்று. அதில் ஒரு சிக்கல். கோயில் ஆபீசில் இருந்த மிரியத்துக்கே ஜோயல் போன் போட்டார்.

“ஒருத்தருக்கு விருந்து. யாருன்னு கேக்கக் கூடாது. மேஜைத் துணியெல்லாம் எங்க இருக்கு?”

“மாடி அலமாரில. நீலத்த எடுக்காத, சாயம் போயிருக்கு.”

“ஹால் சாவி?”

“என்கிட்ட. யாருக்கு விருந்து ஜோயல்?”

“சொல்ல மாட்டேன்.”

“சரி, சொல்லாத.”

சாப்பாட்டைப் பற்றியும் கேட்க மிரியத்துக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டார். அவர்களே பார்க்கட்டும்.

(அவர் நாக்கைக் கடித்தது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். துடைப்பத்தோடு போகிறவனுக்கு எல்லா அறையும் திறக்கும்.)

3

விருந்தன்று மிரியத்தைப் பூப்போட்ட பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தபடி. சமையலறைக் கதவைப் பார்த்தபடி அவர் மட்டும். ஜோயல் பேசினார். “நீ இல்லன்னா லைட் ஸ்விட்ச் எங்க இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது!” சிரிப்பு. கோழி பரிமாறினார்கள். நன்றாக இருந்தது.

அப்புறம் கதவு திறந்தது. மரகதம் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அன்றுதான் முதல்முறையாகச் சமையலறை உதவிக்கு வந்திருந்தாள். வண்டி நிறைய சீஸ் கேக்.

கறியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேரக் கூடாது என்பது அவர்கள் முறை, தட்டுகள்கூடத் தனித்தனி. குழந்தைக்கும் தெரிந்த விஷயம்தான். கோழிக்கு ஜோயல் பொறுப்பு, கேக்குக்கு அவர் மனைவி ஹாரியட். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொள்வது மிரியத்தின் வேலை.

மரகதம் இன்றைக்கும் சொல்வாள்: “நான் என்னத்தக் கண்டனுங்க, கேக்குன்னா கேக்கு.” நான் வெளியே பனியை வழித்துக்கொண்டிருந்தேன், உள்ளே நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும்.

மிரியத்தின் கை நாற்காலிப் பிடியை அழுத்தியது. எழுந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கேக் உள்ளே போகும், பழம் வெளியே வரும். ஜோயல் நெற்றியில் அடித்துக்கொண்டு, “பாத்தீங்களா? இவள எப்படி விடறது?” என்பார். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலை மிரியம் அறிவார்.

உட்கார்ந்தே இருந்தால், யாரோ பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள் என்று நம்பி அத்தனை பேரும் கூடாததைச் சாப்பிடுவார்கள். அவர் கண் முன்னால், அவரைப் பாராட்டி.

4

முதல் முடிவு: எழுந்தார். எழுதிப் படித்துக் காட்டினேன். மரகதம், “பாவமுங்க, உட்டுடுங்க அந்தம்மாள” என்றாள்.

இரண்டாவது முடிவு: உட்கார்ந்திருந்தார், எல்லோரும் தின்றார்கள். “அப்படி உட்டுட்டு உக்காந்திருக்கற பொம்பளையாயிருந்தா, ஒம்பது வருசம் எப்படி ஓட்டியிருப்பாங்க?” என்றாள். அதுவும் சரி.

மூன்றாவது: ஹாரியட் திரும்பிப் பார்த்து, சட்டென்று

இல்லை. ஹாரியட் திரும்பவேயில்லை.

“நெசமா நடந்ததையே எழுதிப்போட வேண்டியதுதானுங்களே?”

“அத எழுதுனா அவங்க எழுந்திரிக்கணும், மரகதம்.”



அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். அந்தக் கோயில் அவருக்குக் கொடுக்காததை நான் ஒரு பக்கத்தில் கொடுத்துப் பார்க்கிறேன். வண்டி முதல் மேஜையை நெருங்கிவிட்டது. ஜோயல் முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார். மிரியம் உட்கார்ந்திருக்கிறார், இதை எழுதுகிறவரையில் உட்கார்ந்துதான் இருப்பார். அந்தக் கதவு இப்போது உங்களுக்கும் தெரிகிறது. உங்கள் மடியில் குழந்தை தூங்கலாம், உங்களுக்குக் கால் வலிக்கலாம், இது உங்கள் கோயில் இல்லாமலும் இருக்கலாம்.

யாராவது ஒருவர் எழுந்திருங்கள்.