இடப்பக்கத்து அளவு

தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவளுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் சொம்பைப் பிடித்து ஊற்றுகிற சமாச்சாரமா அது? பெரியநாயகியின் கவலை அதுதான். எட்டு மாதத்துக்கு முன் அவளுடைய இடது மார்பை அறுத்து எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தி, ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடியே திரிந்தாள். அப்படியே மணமேடையில் நிற்க முடியுமா?

"நான் மேடைக்கு வரல. வடிவு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். வடிவு அவள் கணவர் தணிகாசலத்தின் தங்கை. கல்யாணப் பெண் ரேவதி அன்றைக்கெல்லாம் ஒரு வாய் சாப்பிடவில்லை. தணிகாசலமோ, "உன் இஷ்டம்மா" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த மாதிரி நேரத்தில் சல்லிக் காசுக்குப் பிரயோஜனம் இல்லை.

மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் பெரியநாயகி அழுதுவிட, என்ன விஷயம் என்று லில்லி கேட்டாள். பெரியநாயகி படுத்திருந்த வார்டில் ஆயா வேலை பார்ப்பவள். ஓய்ந்த நேரத்தில் கைக்குழந்தைகளுக்குக் குல்லாவும் சாக்ஸும் பின்னுவாள்.

"இதுக்கா அழுதுக்கினு இருக்கீங்க? ரவிக்கைக்குள்ள வெச்சுக்க கடையில ரப்பர் மாதிரி ஒண்ணு விக்கிறான். நம்ம ஊரு வெயிலுக்குப் புழுங்கிப்பூடும். நானே பின்னித் தரேன்கா."

முதலில் கம்பளி நூலில் பின்னி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். சித்திரை மாதத்தில் கம்பளி! தழும்பின் மேல் வைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, பெரியநாயகி அரிப்புத் தாங்காமல் எடுத்துப் போட்டுவிட்டாள். அடுத்து பருத்தி நூல். நான்கு ஊசியில் வட்டமாகப் பின்னி, சுற்றுக்குச் சுற்று ஒரே சீராகக் கண்ணிகளைக் குறைத்து, உள்ளே இலவம்பஞ்சை அடைத்திருந்தாள். உறுத்தவில்லை, அரிக்கவில்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பெரியநாயகி கண்ணாடி முன்னால் நின்றாள்.

நின்றவள் திரும்பிப் பார்த்தாள். "லில்லி, இங்க வா. நல்லாப் பாரு. ஒண்ணுக்கு அம்பத்தோரு வயசு ஆவுது. இன்னொண்ணுக்குப் பதினெட்டு!"

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் பெரியநாயகிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வுட்டுடு லில்லி. எல்லாரும் அதையேதான் பாப்பாங்க. எனக்கு வேணாம்."

"தப்பு என்னுதுக்கா. அளவே எடுக்கல, மனசுல இருந்ததைப் பின்னிட்டேன்" என்றாள் லில்லி. பஞ்சைப் பிடுங்கினாள். முடிச்சை அவிழ்த்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். நான்கு நாள் வேலை நிமிஷத்தில் வெறும் நூலாக மடியில் விழுந்தது. எழுந்து கதவைத் தாழிட்டாள்.

"ரவிக்கையைக் கழட்டுங்க."

டாக்டரையும் கட்டு மாற்றிய நர்ஸையும் தவிர யாரும் பார்த்திராத இடம். கட்டின புருஷனுக்குக்கூட அவள் காட்டவில்லை. லில்லி தழும்பைப் பார்த்து முகம் மாறவும் இல்லை, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவும் இல்லை. டேப்பை வைத்துத் தோளிலிருந்து வலது மார்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது, அடியில் எவ்வளவு அகலம், பக்கவாட்டில் எங்கே சாய்கிறது என்று எழுதிக்கொண்டாள். ரவிக்கைக்கு அளவு எடுக்கிற தையல்காரியின் முகம்தான் அவளுக்கு. பெரியநாயகிக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்தத் தடவை சுற்றிச் சுற்றிப் பின்னவில்லை. சாக்ஸில் குதிகாலுக்குச் செய்வது போல, பாதி வரிசை பின்னி அங்கேயே திரும்பி, மறுபடி பாதி பின்னித் திரும்பினாள். அடிப்பக்கம் மட்டும் வரிசைகள் கூடிக்கூடிப் பை போல இறங்கின. மேல்பக்கம் தட்டையாகச் சரிந்தது. நூலை இறுக்காமல் கையையும் தளர விட்டுப் பின்னினாள். எல்லாம் சரி, ஆனால் கனம் இல்லாததால் ரவிக்கை அந்தப் பக்கம் மேலே ஏறிக்கொண்டது.

"உள்ள பச்சைப்பயறு போடலாமா?" என்றாள் பெரியநாயகி.

"வேர்வைக்கு மொளைச்சுக்கினு வந்தா?"

கடைசியில் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, துணியில் முடிந்து உள்ளே வைத்தார்கள். ரவிக்கை இறங்கி உட்கார்ந்தது. பெரியநாயகி கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். குறையும் தெரியவில்லை, அழகும் கூடவில்லை. எட்டு மாதத்துக்கு முந்தைய பெரியநாயகி அப்படியே நின்றிருந்தாள்.

வைகாசியில் முகூர்த்தம். மேடையில் அரக்குப் பட்டுடன் பெரியநாயகியே நின்றாள். மகளின் கை மாப்பிள்ளையின் கைமேல் இருக்க, தணிகாசலமும் அவளுமாகச் சொம்பைச் சாய்த்தார்கள். பட்டு வழுக்கும் இல்லையா, குனிந்த வேகத்தில் முந்தானை தோளிலிருந்து சரிந்து முழங்கையில் விழுந்தது. எதிரே நானூறு பேர். வீடியோக்காரன் வேறு விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வடிவு பதறிப்போய்க் காதருகே வந்தாள். "அண்ணி, முந்தானை!"

"இருக்கட்டும் வடிவு. தண்ணி ஊத்திக்கினு இருக்கேன்ல" என்றாள் பெரியநாயகி.